எல்லையைத் தாண்டும் வண்டிக்கு எந்த எண்ணெய்?



கட்டாரில் தொழில் பார்க்கும் எனது மருமகன் ஒருவர், பெண்சாதி பிள்ளைகளோடு சொந்தக் காரிலேயே மக்காவுக்குப் போய் உம்ரா செய்துவிட்டு வர நிய்யத் வைத்திருக்கிறார். விசா, காப்புறுதி, தங்குமிடம் எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. கடைசியில் தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மாமா, இங்க நான் சுப்பர் அடிக்கிறன். சவூதிக்குள்ள போனா 91 எண்டும் 95 எண்டும் இருக்காம். எதை அடிக்கிறது? மலிவானதை அடிச்சா எஞ்சின் பழுதாகுமா?"

பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியை வெளிநாட்டில் இருப்பவர் மட்டும் கேட்டால் போதாது, இங்கே லொறியும் வேனும் வைத்திருக்கும் நாமும் கேட்க வேண்டியது என்பதால் இந்த வாரம் இதையே எழுதுகிறேன்.

நமது நாடு ஒரு தீவு. காரில் போய்க் கடக்கிற தரை எல்லை நமக்கு இல்லை. என்றாலும் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, ஓட்டமாவடிப் பக்கத்து வியாபாரிகளுக்கு எல்லை என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு, 2007 வரைக்கும் நமது மாவட்டத்துக்கு நடுவிலேயே ஒரு எல்லை கிடந்தது. பிரதான வீதியும் கடலோரமும் அரசாங்கத்தின் பக்கம். வாவிக்கும் ஆற்றுக்கும் அப்பால் படுவான்கரை புலிகளின் பக்கம். வந்தாறுமூலையில் பிரதான வீதியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற வயல்வெளி எங்கேயோ ஓரிடத்தில் வேறு ஆட்சியாகிவிடும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் இறங்கினால் கறுத்தப்பாலம். அங்கேதான் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் கரடியனாறு, அதற்கப்பால் மகாஓயாப் பக்கம். சித்தாண்டி, கிரான் வழியாக ஆற்றைக் கடக்கும் பாதைகளும் இருந்தன.

நெல்லும் மாடும் எருமைத் தயிரும் விறகும் அந்தப் பக்கம். அரிசி ஆலையும் கடையும் சந்தையும் இந்தப் பக்கம். எனவே யுத்தம் நடந்தாலும் வியாபாரம் முற்றாக நிற்கவில்லை, மெலிந்து மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. நம்மவர்களில் அநேகர் 1990க்குப் பிறகு தமது சொந்த வயலுக்கே போக முடியாமல் இருந்தார்கள் என்பது வேறு கதை. அதை எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது.

அன்றைய அரசாங்க மொழியில் 'விடுவிக்கப்படாத பகுதி' என்று சொல்லப்பட்ட அந்த இடங்களுக்குப் பெற்றோல், டீசல், பெற்றரி, உரம், சீமெந்து போன்றவை சுதந்திரமாகப் போக முடியாது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை அந்தக் கட்டுப்பாடு இறுக்கமாகவே இருந்தது. வண்டியோடு அந்தப் பக்கம் போகிறவர் முதலில் போடவேண்டிய கணக்கு நெல் விலைக் கணக்கு அல்ல, எண்ணெய்க் கணக்கு. தாங்கியில் உள்ளது போய்வரக் காணுமா? காணாவிட்டால் அங்கே கிடைப்பது என்ன? கிடைக்கிற அந்த எண்ணெயில் இந்த எஞ்சின் ஓடுமா?

பெரும்பாலும் கிடைத்தது மண்ணெண்ணெய்தான். குப்பி விளக்குக்கும் அடுப்புக்கும் வேண்டியது என்பதால் அது ஓரளவாவது போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் இந்த நிலைமை இன்னும் கடுமை. 1990க்குப் பிந்திய வருடங்களில் அங்கே பழைய ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை அந்தக் காலத்தில் அங்கே இருந்த எவரும் சொல்வார். ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விடுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் பிடித்துக்கொண்டு ஓடும். பின்னால் வெள்ளைப் புகை, கண்ணெரிச்சல், ஒரு நாற்றம்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நமது மீனவர்கள் இன்றைக்கும் செய்கிற காரியம்தான் இது. வள்ளத்தில் பூட்டும் மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பெர்குசன் உழவு இயந்திரங்களும் இப்படித்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும். அதனால் முதலில் சூட்டை உண்டாக்க ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டும்.

அப்படியானால் எல்லா வண்டியும் ஏன் அப்படி ஓடவில்லை? அங்கேதான் நான் மேலே சொன்ன எண் வருகிறது.

பெற்றோல் எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் கலந்து நசுக்கப்படுகின்றன. நசுங்கிய பிறகு பிளக் பொறி தட்ட வேண்டும், அப்போதுதான் எரிய வேண்டும். பொறி தட்டுமுன்னரோ, தட்டிய பிறகு கண்ட இடத்திலோ தானாகவே வெடித்தால் பிஸ்டனுக்கு அடி விழும். ஏற்றத்தில் பாரத்தோடு அக்சிலேட்டரை மிதிக்கும்போது, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். கராஜில் 'நொக் பண்ணுது' என்பார்கள். அப்படித் தானாக வெடிக்காமல் தாங்கி நிற்கும் சக்தியைக் குறிக்கும் அளவுதான் ஒக்டேன் எண். எண் கூடக்கூட, கூடுதலாக நசுக்கினாலும் அந்தப் பெற்றோல் பொறுத்துக்கொள்ளும். எண் கூடினால் பெற்றோலில் பலம் கூடும் என்று நம்மில் பலர் நினைப்பது சரியல்ல. கூடுவது பொறுமை மட்டும்தான்.

மண்ணெண்ணெய்க்கு இந்தப் பொறுமை மிக மிகக் குறைவு. பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களின் எஞ்சின் ஏழு, எட்டு மடங்குக்கு மேல் நசுக்காது. அதனால் முனகிக்கொண்டாவது ஓடிற்று. இன்றைய கார்கள் பத்து, பதினொரு மடங்கு நசுக்குகின்றன. அவற்றில் காபரேற்றரும் இல்லை. இன்ஜெக்டரும் சென்சரும் புகைக்குழாயில் கற்றலிற்றிக் கொன்வேட்டரும்தான் இருக்கின்றன. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் அவற்றுக்குச் செய்யும் நட்டம் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

ஓடிய பழைய வண்டிகளும் சும்மா ஓடவில்லை. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரத்தால் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகிவிடும், பெயரிங் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி ஒயில் மாற்றியவரின் எஞ்சின் தப்பியது. மலிவென்று மண்ணெண்ணெயை அடித்து, ஒயிலையும் மிச்சம் பிடிக்கப் பார்த்தவருக்கு எஞ்சினைக் கழற்ற வேண்டி வந்தது. ஒரு தவணை நெல் ஏற்றிய இலாபம் கராஜுக்கே போன கதைகள் இந்தப் பகுதியில் ஏராளம்.

யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கதை முடிந்தது என்றுதான் இருந்தோம். 2022இல் எல்லையே இல்லாமல் அது திரும்பி வந்தது. பெற்றோல் செட்டுகளில் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. ஜூலை மாதம் கியூ.ஆர். அட்டை முறை அறிமுகமாகி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அப்போது ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாய்தான். டீசல் விலையோ அதைப் போலப் பல மடங்கு. விளைவு எதுவாக இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து பஸ்ஸும் லொறியும் ஓடத் தொடங்கின. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. கலந்தவர்களுக்கு அதனால் இலாபம் போனது. கலக்கவே இல்லாத மீனவரும், குப்பி விளக்கில் படிக்கிற பிள்ளையும்தான் உண்மையில் அடிபட்டார்கள்.

டீசல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஓடும் என்பது உண்மை. ஆனால் டீசலில் இருக்கும் வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லை. டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அந்த டீசலே ஒயில். வழுவழுப்பில்லாவிட்டால் உலோகம் உலோகத்தோடு உரசும். பழைய லொறியின் பம்ப் சில காலம் பொறுக்கும். புதிய கொமன் ரெயில் எஞ்சின் பொறுக்காது. அதன் இன்ஜெக்டர் ஒன்றின் விலையை விசாரித்துப் பார்த்தவர் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம்.

வளைகுடா நாடுகளில் எண்ணெய் சுத்தமானதுதான், பெயர்தான் குழப்பம். கட்டாரில் 'சுப்பர்' என்றால் 95, 'பிரீமியம்' என்றால் 91. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அதே 'சுப்பர்' என்ற பெயரில் 98 வரும். அங்கே 95க்குப் பெயர் 'ஸ்பெஷல்', 91க்கு 'ஈ பிளஸ்'. பஹ்ரைனில் 91 'ஜய்யித்', 95 'மும்தாஸ்'. குவைத்தில் 'பிரீமியம்' என்பது 91. நம் நாட்டுக் காதுக்குப் பிரீமியம் என்றால் ஏதோ உயர்ந்த சரக்கு என்று படும். கட்டாரிலும் குவைத்திலும் அதுதான் குறைந்த எண். சவூதியில் பெயர்த் தொல்லை இல்லை. 91, 95 என்று எண்ணையே சொல்கிறார்கள். 91க்குப் பச்சை, 95க்குச் சிவப்பு. பச்சைக் குழாய் என்றவுடன் வேறு நாட்டுப் பழக்கத்தில் டீசல் என்று மிரளவேண்டாம். அமெரிக்காவில் பல இடங்களில் டீசலுக்குத்தான் பச்சை, ஐரோப்பாவில் பெற்றோலுக்குப் பச்சை. நிறத்தையும் நம்ப முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே பார்க்கவேண்டிய இடம் பம்ப் அல்ல, காரின் பெற்றோல் மூடிக்கு உள்பக்கம். அங்கே ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் காரோடு வந்த கைநூலில் இருக்கும். 91 போதும் என்று எழுதியிருந்தால் 95 அடிப்பது காசைப் புகைக்குழாயால் விடுவது. குறைந்தது 95 என்று எழுதியிருந்தால், குறிப்பாக டேர்போ பூட்டிய காருக்கு, 91 அடிப்பது எஞ்சினைப் புகைக்குழாயால் விடுவது. '91 போதும், 95 சிபாரிசு' என்று இரண்டும் கெட்டானாக எழுதியிருந்தால் பயணத்தைப் பாருங்கள். டோஹாவிலிருந்து மக்கா ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கிலோமீற்றர். கோடைகாலத்தில் பாலைவன வெயில், ஏ.சி. முழு வேகம், உள்ளே ஐந்தாறு பேர், டிக்கியில் மூட்டைமுடிச்சு. சூடும் பாரமும் கூடினால் நொக்கிங்கும் கூடும். அப்படிப் போகிறவர் 95 அடிக்கட்டும். ஊருக்குள் கடைக்குப் போய்வர 91 தாராளமாகப் போதும்.

தாங்கியில் பாதி 95 இருக்கும்போது 91தான் கிடைத்தால் பயப்படத் தேவையில்லை. இரண்டும் பெற்றோல்தான், கலந்தால் நடுவில் ஒரு எண்ணாகும். அவ்வளவே. றியாத் தாண்டித் தாயிபை நோக்கிப் போகும் பாதை நீளமானது. முக்கால்வாசி காலியாகும் வரை காத்திராமல் அரைத் தாங்கியிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. தாயிபுக்கு அப்பால் மீக்காத் எல்லையில் இஹ்ராம் உடுத்திய பிறகு பெற்றோல் செட்டில் இறங்கி நின்று அவஸ்தைப்படாமல், அதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடலாம். பிளாஸ்டிக் தண்ணீர்க் கானில் பெற்றோலை ஊற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு போவதை மட்டும் யாரும் செய்யவேண்டாம். அந்த வெயிலில் அது பெற்றோல் அல்ல, குண்டு.

இந்தப் பாதையே சில வருடங்களுக்கு முன் அடைபட்டுக் கிடந்தது. 2017 ஜூனில் மூடிய கட்டார் – சவூதித் தரை எல்லை 2021 ஜனவரியில்தான் திறந்தது. எல்லை மூடினால் வியாபாரிக்கும் யாத்திரிகருக்கும் என்ன ஆகும் என்பதைக் கறுத்தப்பாலத்தைக் கண்ட நமக்குச் சொல்லத் தேவையில்லை.

கனடாவில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குக் காரில் போவார்கள். இரண்டு நாட்டிலும் பம்பில் 87 என்று கண்டு, நம்மூர் 92ஐ விட மட்டமான சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது அளக்கிற முறையின் வித்தியாசம். அவர்களது 87 ஏறத்தாழ நமது 91, 92க்குச் சமம். பிரான்ஸ் பக்கம் போனால் 'காஸோல்' என்பது டீசல். 'காஸ்' என்ற சத்தத்தைக் கேட்டுப் பெற்றோல் என்று எண்ணிக் காருக்கு அடித்துவிடக்கூடாது. மாறி அடித்துவிட்டால் சாவியைத் திருகாமலே வண்டியைத் தள்ளி ஓரம் கட்டித் தாங்கியைக் காலிசெய்தால் செலவு சின்னது. ஸ்டார்ட் எடுத்துவிட்டால் பெரியது.

இன்னொரு விடயம். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குக் காரில் போகிறவர்களின் தாங்கியில் முக்கால்வாசியாவது எண்ணெய் இருக்கவேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் சொல்கிறது. 1991 முதல் அப்படி. இல்லாவிட்டால் எல்லையிலேயே திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. அக்கரையில் எண்ணெய் மலிவு என்பதால் எல்லோரும் காலித் தாங்கியோடு போய் நிரப்பிவந்தால் தனது வரி போய்விடும் என்பது சிங்கப்பூரின் கணக்கு. மலேசியாவோ 2010 ஆகஸ்டு முதல் வெளிநாட்டுப் பதிவெண் உள்ள வண்டிக்கு 95 விற்கக்கூடாது, 97 மட்டுமே விற்கலாம் என்று தடை போட்டது. 95க்கு அந்நாட்டு அரசு தன் மக்களின் பணத்தில் மானியம் கொடுக்கிறது. அது அந்த மக்களின் ஹக். எஞ்சினுக்கு 95 பொருத்தமாக இருந்தாலும், மலேசிய நண்பரைக் கொண்டு அடிப்பித்தோ பம்ப்காரரின் கையில் எதையாவது வைத்தோ வாங்குவது நமக்குப் பொருத்தமானது அல்ல என்பது எனது கருத்து. இங்கே 2022இல் மானிய மண்ணெண்ணெயை வாங்கி டீசலில் கலந்ததையும் அதே தராசில்தான் வைக்கவேண்டும். "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது வியாபாரத்தில் அடிக்கடி கேட்கும் பதில். தராசுக்கு அது படிக்கல் ஆகாது.

இனி ஊரிலேயே இருக்கிற நமக்கு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. ஜப்பானில் ஓடிய காரும் வேனும் லொறியும் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் அவையும் எல்லையைத் தாண்டிய வண்டிகள்தான், திரும்பிப் போகாத வண்டிகள். ஜப்பானில் குடித்த எண்ணெய் வேறு, இங்கே குடிக்கப்போவது வேறு.

பெற்றோல் காரில் பெரிய சிக்கல் இல்லை. ஜப்பானில் 'ரெகுலர்' பெற்றோலின் குறைந்த அளவு 89. அந்த ஸ்டிக்கர் ஒட்டிய வெகன் ஆர், அல்டோ போன்றவற்றுக்கு நமது 92 தாராளம். 95 அடித்தால் கார் பறக்கும் என்று சொல்லும் தம்பிமாரின் பேச்சை நம்பி மாதாமாதம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு. 'ஹை ஒக்டேன்' என்று எழுதிய காருக்கு மட்டும் 95 அடியுங்கள்.

சிக்கல் டீசலில். ஜப்பான் டீசலில் கந்தகம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம், பத்து இலட்சத்தில் பத்துப் பங்குதான். அதை நம்பியே அங்குள்ள புதிய டீசல் லொறிகளிலும் வேன்களிலும் புகைக்குழாயில் கரியை வடிக்கும் வடி பூட்டியிருக்கிறார்கள். நமது செட்டில் கிடைக்கும் சாதாரண ஒட்டோ டீசலில் கந்தகம் அதைவிட அதிகம். சுப்பர் டீசலில் குறைவு. ஒட்டோ டீசலையே தொடர்ந்து அடித்து, செங்கலடிக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் நின்று நின்று ஓடினால் அந்த வடி அடைக்கும், விளக்கு எரியும், இழுவை போகும். சிலர் வடியையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் சுவாசிக்கிற காற்றில் அந்தக் கரி கலக்கிறது என்பது ஒருபுறமிருக்க, புகைப் பரிசோதனையிலும் வண்டியை விற்கும்போதும் அது தலையிடிதான்.

ஆகவே டீசல் வண்டி வாங்கப் போகும் முதலாளிமார் விலையையும் மைலேஜையும் கேட்பதோடு, வடி பூட்டிய வண்டியா, அது இருக்கிறதா, கழற்றியாயிற்றா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வடி உள்ள வண்டியென்றால் சுப்பர் டீசலின் விலையை வைத்தே கிலோமீற்றருக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் கூலி கட்டுப்படியாகாவிட்டால், வடி இல்லாத பழைய மொடல் லொறி ஒன்றைத் தேடுவதுதான் இன்றைய நிலையில் இலாபம். நல்ல நிலையில் உள்ளவை ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.